இடது பக்கத்துப் பெட்டி

"ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல உக்காருங்க மேடம்," என்றார் பொருத்த வந்தவர். உட்கார்ந்தேன். இடது பக்கம் வயலின், வலது பக்கம் தபேலா என்று பாட்டு பிரிந்து கேட்டது.

ராயபுரத்து வீட்டில் நைனா ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியையும் தன் நாற்காலிக்கு வலது பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தார்.

"இன்னாய்யா இது, பாக்குறவங்க சிரிக்கிறாங்க," என்பாள் அம்மா.

"அந்தப் பக்கம் செவுரு ஓதம் அடிச்சி கீது. பொட்டி வீணாப்பூடும்," என்பார். சுவர் என்னமோ நன்றாகக் காய்ந்துதான் இருந்தது.

துறைமுகத்தில் கப்பல்களின் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டியே அவருடைய இடது காது போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலையும் போய்விடும் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் வாய் திறந்தார். எங்களிடமாவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் கோபம்தான்.

இப்போது இடது காதைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். வயலின் மங்கிப் போனது.

வலது பக்கம் பெட்டிகள் இருந்ததால், நான் தினமும் நைனாவின் இடது பக்கம்தான் உட்காருவேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் அந்தக் காதில்தான் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார்.