ரெண்டு ரிங் போட்ட வாள்

இலங்கையின் கலவான ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் வழிந்தோடும் சந்தில், மரம் அறுக்கும் மெஷின் வாள்களைப் பழுது பார்க்கிறார் யோகராஜ். ஊருக்கு அவர் ‘பாஸ்’, அதாவது கைத்தொழில் மேஸ்திரி. வயது ஐம்பத்தாறு. உறவென்று ஒரு தங்கை, கொழும்பில். தீபாவளிக்கு வட்ஸ்அப்பில் ஒரு குத்துவிளக்கு அனுப்புவாள். இவர் இரண்டு கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்புவார். குடும்பப் பாசம் அத்தோடு அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

சலூனுக்குப் போய் முடி வெட்டாமல் பேப்பர் படிக்கலாம். தேத்தண்ணிக் கடையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு அரசாங்கத்தையே கவிழ்க்கலாம். பாஸிடம் போவதென்றால் மட்டும் கையில் கெட்டுப்போன சாமான் ஒன்று வேண்டும். அது ஓடத் தொடங்கியதும் கொண்டுவந்தவனும் ஓடிவிடுவான். வேலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு காலத்துக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

இருளப்பன் மட்டும் விலக்கு. றக்வான ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவன். பால் வற்றிய கிழட்டு மரங்களைக் கொந்தராத்துக் கூலிக்கு அறுப்பவன். மூன்று வருஷமாக, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வாளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். கவிழ்த்த ஒயில் வாளியில் உட்கார்ந்து, யார் வீட்டு நாய் எந்தக் கங்காணியைக் கடித்தது என்பது வரைக்கும் சொல்லுவான். நாள் முழுக்கச் சிங்களத்தில் ‘ஹரி மாத்தயா’ என்று ‘சரி ஐயா’ போடும் பாஸ் அன்றைக்குத்தான் தமிழில் சிரிப்பார்.

அதெப்படி நான்கு மாதக் கணக்கு தவறுவதில்லை என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இருளப்பனின் வாளுக்கு இரண்டு விதமான பிஸ்டன் உண்டு. ஒரு ரிங் போட்டது உராய்வு குறைந்தது, சட்டென்று வேகம் பிடிக்கும். கொப்பு கழிப்பவனுக்கு அது போதும். விடிந்ததிலிருந்து அடிமரம் அறுப்பவனுக்கு இரண்டு ரிங் வேண்டும். அமுக்கம் ஒழுகாது, பிஸ்டனின் சூடு சீக்கிரம் இறங்கும், நெடுநாள் உழைக்கும். இதெல்லாம் பாஸுக்குத் தெரியும். தெரிந்தேதான், “உனக்கு வேகம்தாண்டா முக்கியம்” என்று ஒற்றை ரிங்கையே போட்டு வந்தார். பொய் என்று சொல்ல முடியாது. உண்மையில் ஒரு ரிங் குறைவு, அவ்வளவுதான்.

போன பெப்ரவரியில் வந்த இருளப்பன் வாளியில் உட்காரவில்லை.

“லயத்துப் பக்கம் சாஞ்ச மரம்ணே. பாதி அறுத்துட்டேன், பொசுக்குனு நின்னுபோச்சு. இழுக்கிறேன் இழுக்கிறேன், பிடிக்கவே இல்ல. கீழ மூணு வீட்டுக் காம்பரா. எல்லாரையும் வெளிய வெரட்டிட்டு, கம்பி கட்டி அந்தாண்ட இழுத்துச் சாச்சோம்.”

“யாருக்காச்சும் அடி…”

“ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல.”

பாஸ் சிலிண்டரைக் கழற்றினார். ரிங் தேய்ந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே நகம் நுழையும் போலிருந்தது. மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே இரண்டு பெட்டிகள். ஒன்றை எடுத்தால் நான்கு மாதம். மற்றதை எடுத்தால் இரண்டு வருஷம், அதற்கு மேலும் போகும். கை கொஞ்ச நேரம் நடுவில் நின்றது. பிறகு இரண்டு ரிங் பெட்டியை எடுத்தது.

ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் விட்டு இடைவெளி அளந்தார். முனைகள் பிஸ்டன் பள்ளத்திலுள்ள குட்டி முளையில் சரியாக உட்கார்ந்தனவா என்று இரண்டு தரம் பார்த்தார்.

இருளப்பன் கயிற்றை இழுத்துப் பார்த்தான். “என்னண்ணே, எருமைய இழுக்கிற மாதிரி இருக்கு!”

“ரெண்டு ரிங்டா. இனி நிக்காது.”

“அப்ப அடுத்தது எப்ப வரட்டும்?”

“ரெண்டு வருஷத்துக்கு வர வேணாம்.”

“அடேயப்பா! இந்த மருந்த இம்புட்டு நாளா எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

பாஸ் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். சும்மா வந்து போ என்று சொல்ல வாய் வரவில்லை. “சங்கிலி மழுங்கினா கொண்டு வா” என்றார்.

“அத நானே அரம் போட்டு ராவிக்குவேண்ணே.”

இருளப்பன் போய் ஊரெல்லாம் புகழ் பரப்பினான். ஒரே மாதத்தில் பதினொரு வாள்கள் வந்தன. பதினொன்றுக்கும் இரண்டு ரிங். அதன்பிறகு ஈ காக்கை வரவில்லை. சுற்றுவட்டாரத்திலேயே நல்ல பாஸ் என்ற பெயரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ஒரு நாள் இருளப்பனிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, உள்ளுக்க கர்ர்ருனு என்னமோ சத்தம் கேக்குது.”

“எங்க, ஓட்டிக் காட்டு.”

போனைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டார். வாள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. குறை சொல்ல ஒரு மயிரிழை இல்லை. பாஸின் நெஞ்சு நிமிர்ந்தது.

“ஒரு சத்தமும் இல்லடா. வண்டு மாதிரி பாடுது. பயப்படாம வெட்டு.”

“இல்லண்ணே… நாளைக்கு அங்கிட்டு கொண்டாரலாம்னு பார்த்தேன்.”

“நான் கட்டுன எஞ்சின்டா! எதுக்கு வீணா அலையுற?”

“சரிண்ணே” என்று வைத்துவிட்டான்.

பெருமை அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் உறைத்தது: நாள் பூரா வாளோடு கிடக்கிறவனுக்கு நல்ல எஞ்சின் சத்தம் தெரியாதா? வாளியில் வந்து உட்கார ஒரு சாக்கல்லவா அவன் கேட்டான்?

அவசரமாகத் திருப்பிப் போன் எடுத்தார். மணி போனது. மறுபடி எடுத்தார். போய்க்கொண்டே இருந்தது. வாள் ஓடும்போது போன் எங்கே கேட்கும்? நிற்காமல் ஓடுகிற மாதிரி கட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.