பதினேழாவது சென்சாரின் ஒன்றரை மணி ஈரம்

பட்டான்செருவைத் தாண்டி ஒரு சிறிய பயிர் ஆய்வுப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கொண்டைக்கடலை வறட்சியை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஒரு வயலுக்குத் தண்ணீரையே நிறுத்தியிருந்தோம். மண்ணில் புதைத்த இருபது சென்சார்கள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஈரப்பதத்தையும் உப்பளவையும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அவற்றைச் சரிபார்ப்பது என் வேலை.

பதினேழாவது சென்சார் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மற்றவையெல்லாம் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டிருக்க, இது மட்டும் மதியம் ஒன்றரை மணிக்குக் குபுக்கென்று ஏறியது. மழை இல்லை, பக்கத்தில் குழாயும் இல்லை. சென்சாரை மாற்றினேன், புதியதும் ஏறியது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அந்தச் செடியின் வேர் ஆழத்திலிருந்து நீரை மேலே இழுத்துவிடுகிறது என்று முடிவு கட்டினேன். பதினெட்டு ஸ்லைடு தயாரித்தேன். எதற்கும் முகம் மலராத என் மேலதிகாரி அம்மா அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசி ஸ்லைடுக்குப் படம் எடுக்க ஒரு மதியம் வயலுக்குப் போனேன். எங்கள் வயல் உதவியாளர், நகரத்தில் மெட்டுகுடாவில் மூன்று தலைமுறையாக வாழும், உருது கலந்து பேசும் தமிழர், பதினேழாவது சென்சாரின் கம்பத்தடியில் குந்தி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணா! தினமும் இங்கயா கழுவுறீங்க?”

“ஹவ்மா, ஆமா. இந்த சோலார் பலகைக்குக் கீழதான் கொஞ்சம் நிழல் இருக்கு. பாரு, இந்தச் செடி ஒண்ணுதான் தளதளன்னு நிக்குது.”

“இதுக்குத் தண்ணியே ஊத்தக் கூடாதுண்ணா!”

“கைக்கு? ஏன் ஊத்தக் கூடாது? பாவம்மா அது.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரம் ஏறியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று அவர் சர்ச்சுக்குப் போய்விடுவார். நானோ அந்த நாட்களைக் கருவிப் பிழை என்று நீக்கியிருந்தேன்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையில் பதினேழாவது சென்சாரின் கணக்கைத் திறந்தார்.

“உப்பும் ஏறியிருக்கே. ரசமா, சாம்பாரா?”

“கேக்கலை மேடம்.”

“போய்க் கேளுங்க.”

அண்ணன் தன் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒரு மாதச் சமையலை எழுதிக் கொடுத்தார். தரவுத் தொகுப்பை இணையத்தில் வெளியிட்டபோது, பதினேழுக்குக் கீழே ‘டிபன் பாக்ஸ் கழுவிய நீர், ஞாயிறு விடுமுறை’ என்று குறிப்பு சேர்த்தோம். எனக்கு வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் அந்தக் குறிப்பைப் பற்றித்தான். போன மாதம் ஒரு வெளிநாட்டு ஆய்வாளர், அந்தச் செடி எவ்வளவு காய்த்தது என்று மிகத் தீவிரமாகக் கேட்டிருந்தார். தெரியாது என்று எழுதினேன். அறுவடைக்கு முன்பே அண்ணன் பச்சைக் காயாகப் பறித்துத் தின்றுவிட்டிருந்தார்.