முதல் கோரிக்கை: குழாய் வேண்டாம்

என் மனைவியின் கடைசி நாட்கள் வாயில் சுவாசக் குழாயோடு போயின. பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அவள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். என்னவென்று இன்றுவரை தெரியாது. திட்டத்தான் வந்திருப்பாள். அவள் கோபமே தனி. தேயிலைக் கொழுந்துக் கூடையை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவாள். அது கிடக்கட்டும்.

இப்போது எனக்கும் நெஞ்சு நோய். முற்றினாலும் எனக்கு அந்தக் குழாய் வேண்டாமென்று மகனிடம் சொன்னேன்.

"அப்பனச் சாக விட்டுட்டான்னு ஊரு என்னையத்தாம்பா ஏசும். எழுத்துல குடுங்க, பாப்போம்."

எனக்கு எழுத வராது. எங்கள் தோட்டத்தில் கடிதம் என்றால் தொழிற்சங்கத் தலைவர்தான். அவருக்கோ ஒரே மாதிரிக் கடிதம்தான் தெரியும்: தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதும் கோரிக்கை மனு.

"ஒரே கோரிக்கையா மாமா? ஒத்தையா போனா தொரை மதிக்க மாட்டாரு."

என் குழாய்க்குக் கீழே, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கூரைத் தகரம், தண்ணீர்ப் பீலிக்குப் படி என்று இரண்டைச் சேர்த்தார். லயமே கையெழுத்துப் போட்டது. நான் பெருவிரல் வைத்தேன். மனு மகனிடம் வரவில்லை. நேரே ஆபீசுக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தகரமும் படியும் பரிசீலனையில். குழாய் விஷயம் தோட்ட நிர்வாகத்துக்கு உட்பட்டதல்ல.

"மொதல் கோரிக்கையவே தள்ளிட்டாங்க!" என்று தலைவர் மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் குதித்தாராம். வேலை பிரிக்கும் அந்த இடத்திலேயே சனம் உட்கார்ந்துவிட்டது.

மத்தியானம் மகன் வந்தான்.

"சாவு விழுந்தா வேல நிக்கிறது வழக்கந்தான். நீங்க உசுரோட இருக்கும்போதே அர நாள் நிப்பாட்டிட்டீங்களேப்பா!"

சிரித்தேன். சிரிப்பு இருமலாகி மூச்சு அடைத்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"நெசமாவே வேணாமா?"

"வேணாம்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"போ. மருந்து குடுக்கட்டும், வலிக்கு ஊசி போடட்டும். கொழாய மட்டும் வேணாம்னு நீ சொல்லணும்."

"ஊரு ஏசுனா?"

"ஊருதான் கையெழுத்துப் போட்டிருக்கே."

"அது தகரத்துக்குப்பா."

அவன் என் கிளினிக் கொப்பியை எடுத்துப் புரட்டினான்.

"வியாழக்கெழம நானும் வாரேன். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நின்னு ஆமான்னு சொல்றேன். தலைவருக்கு மட்டும் சொல்லிறாதீங்க."