தைரியசாலி என்று எழுதினால் போதாது

ஒரு கதாபாத்திரத்தின் குணத்தை அட்டையில் எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள், எழுதியதை நாலு பேர் கையில் கொடுத்துப் பார்க்காதவர்கள். நான் கொடுத்துப் பார்த்தவள். அப்போது ஒரகடம் பக்கம் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஹாஸ்டல் அறையில் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வரும் தோழி ரோஸ்லினையும் சேர்த்தால் நாலு.

மத்தியானம் ஆட்டம். இன்ஜினியரிங் படித்த என் சித்தப்பா மகன் கற்றுக்கொடுத்தது. ஒருத்தி கதை சொல்லுவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்வதும், பழைய காலண்டர் அட்டையை வெட்டிக் குணம் எழுதுவதும் என் வேலை. இந்த ஆட்டத்தை நடத்தி அவதிப்பட்டவர்கள் உங்களில் இருந்தால், இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

எந்திரிக்கணுமா?

திருநெல்வேலிக்காரி பேச்சியம்மாளுக்கு நான் எழுதிய முதல் அட்டை: ‘தைரியசாலி, நல்லவள், புத்திசாலி.’ எனக்கே பெருமையாக இருந்தது. கதையில் கொள்ளைக்காரர்கள் படகை மறித்தார்கள். “என்ன பண்ணுற?” என்று கேட்டேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்:

“ஏட்டி, தைரியசாலின்னு எழுதிட்ட, சரி. அதுக்கு நான் இப்பம் எந்திரிக்கணுமா, உக்காந்திருக்கணுமா?”

உண்மை விளம்பி

பாடம் படித்தேன். இனிமேல் பட்டம் கிடையாது, செய்கைதான். ரோஸ்லினுக்கு, ‘பொய் சொல்லவே மாட்டாள்’ என்று எழுதினேன். எவ்வளவு தெளிவு! அடுத்த ஞாயிறு அரண்மனைக் காவலர்கள் வந்து, “உன்னோடு வந்தவர்கள் எங்கே?” என்று கேட்க, வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டு பேரையும் கைநீட்டிக் காட்டிவிட்டாள். பத்து நிமிஷத்தில் எல்லோரும் சிறையில். கதை முடிந்தது. மற்ற இருவரும் அவளைப் பிய்த்து எடுத்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். அவள் அசரவில்லை.

“இன்னாத்துக்கு என்னைத் திட்டற? பொய் சொல்லமாட்டான்னு நீதான எழுதிகீற, நானா எழுதினேன்?”

அன்றே அட்டையில் ஒரு வரி சேர்த்தேன்: ‘ஆனால் கேட்டதற்கெல்லாம் பதிலும் சொல்லமாட்டாள்.’

வார்டன் கையில் சிக்கிய அட்டை

ஹாஸ்டல் வார்டன் வசந்தாக்கா பக்கத்து ஊரான வல்லம் வடகால்காரர். ஒருநாள் பகடையைப் பார்த்ததும் சூதாட்டம் என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் வாரிக்கொண்டார். அதில் கோட்டைக் காவல்காரியின் அட்டையும் இருந்தது: ‘ஆறு மணிக்குப் பூட்டுவாள். யாரையும் நம்பமாட்டாள். காரணம் கேட்டால் கத்துவாள்.’ யாரை வைத்து எழுதினேன் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஹாஸ்டலை விட்டு அனுப்பினால் அந்த வாடகைக்கு வேறு இடம் கிடையாது.

அவர் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். பிறகு எல்லாவற்றையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“பூட்டறவ கையிலதாம்மா சாவியும் கீது. அத்தையும் சேத்து எழுது.”

அதைவிட நல்ல திருத்தம் எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

லட்சுமியின் கையெழுத்து

அறையில் மூன்றாவது ஆள் பரமக்குடி முத்துலட்சுமி. கம்பெனியில் என் லைனிலேயே வேலை. “என்னை மாதிரியே எழுதிரு, ஆட லேசா இருக்கும்” என்றாள். ‘எதையும் மறுக்கமாட்டாள்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கதையில் எல்லோருடைய மூட்டையையும் அவள்தான் சுமந்தாள். நாலாவது வாரம் பேனாவை வாங்கி, என் வரியை அடித்துவிட்டுத் தானே எழுதினாள்: ‘முதலில் முடியாது என்பாள். காரணத்தைப் பிறகு சொல்வாள்.’ அன்று கதையில் ராஜாவிடமே முடியாது என்றாள். பகடையிலும் ஆறு விழுந்தது.

மறுக்காத பெண் என்பதால் லைனில் யாருக்கு ஓவர்டைம் போடுவது என்றாலும் சூப்பர்வைசர் முதலில் எழுதுவது அவள் பெயரைத்தான். அந்த வாரம் தொடர்ந்து மூன்று நாள் போட்டிருந்தார். நாலாவது நாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் நோட்டோடு வந்தார்.

“லட்சுமி, இன்னைக்கும் இரும்மா.”

“முடியாது சார்.”

எனக்குக் கை நின்றுவிட்டது. அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “மூணு நாளாச்சு சார். விரலு மரத்துப்போச்சு. வயரை மாத்திச் சொருகிட்டா ரிஜெக்ட் ஆகும், பரவாயில்லையா?”

அவர் நோட்டைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார், பெயரை அடித்தார். லட்சுமி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவர் என் பக்கம் திரும்பிக் குறைப்பட்டுக்கொண்டார்:

“இந்தப் பொண்ணு பேசும்னு ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையேம்மா!”

ஆகவே சக எழுத்தாளர்களே, குணத்தை எவ்வளவு தெளிவாக எழுதுகிறோமோ, அவ்வளவு சீக்கிரம் அது நம் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும்.