நாற்பத்தொரு அம்மாக்களும் ஒரு தேர்தலும்

தற்காலிக ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவது பாதிதான். பள்ளியில் வேறு யாரும் தொட விரும்பாத காரியங்கள் மீதிப் பாதி. தற்காலிகமாக எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைமேல், போளூருக்கு அப்பால் ஓர் ஊரில், பள்ளி மேலாண்மைக் குழுவின் தேர்தல் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. என்னை வேலைக்கு வைத்ததே அந்தக் குழுதான். புதுக் குழு முதல் கூட்டத்தில் தீர்மானம் போட்டால்தான் நான் தொடர முடியும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தேர்தல் சுற்றறிக்கையை நான்கு முறை படித்தேன்.

அழைப்பு

பூண்டு எடுக்கும் சமயம். பெற்றோரைக் கூப்பிடக் காடு காடாகப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்த ஆண்டிச்சாமி அண்ணன், “சிரமப்படாதீங்க டீச்சர். நேத்தே மந்தையில கூடிப் பேசி என்னையத் தலைவராப் போட்டாச்சு” என்றார்.

தலைவர் ஓர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும், அதுதான் விதி என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“அப்ப பாண்டியம்மா பேர எழுதிக்கங்க. கூட்டத்துக்கு நான் வந்துக்கிடுறேன்.”

பாண்டியம்மா அவர் மனைவி. பிள்ளையின் படிப்பு விஷயத்தில் அந்த அம்மாவுக்கு என்மேல் கோபம். மூன்று வாரமாகப் பேச்சு இல்லை.

கை தூக்குதல்

தேர்தலன்று நாற்பத்தொரு அம்மாக்கள் வந்தார்கள். பாண்டியம்மாவுக்கு எதிராகச் செல்வியக்கா நின்றார். என்னைப் பார்த்தால் போதும், பையில் கேரட்டைத் திணித்து, “நீங்க இங்கயே இருக்கணும் டீச்சர்” என்பவர். அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதை மறைக்க மாட்டேன்.

பாண்டியம்மாவுக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நாற்பத்தொரு கை. செல்விக்கு என்றேன். அதற்கும் நாற்பத்தொரு கை. பாண்டியம்மாவின் கையும் அதில் இருந்தது. ஒருவர் ஒரு முறைதான் தூக்கலாம் என்று கெஞ்சிவிட்டு மறுபடி எண்ணினேன். அதே கணக்கு. முன்வரிசையில் இருந்த முத்துலட்சுமியக்காதான் என்மேல் இரக்கப்பட்டார்.

“ஒருத்தி எனக்கு நாத்தனா, இன்னொருத்தி கொழுந்தியா. நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சா கொழாயடியில ரெண்டு பேரு மூஞ்சியிலயும் நான்ல முழிக்கணும்!”

ரகசிய வாக்கெடுப்பு

சீட்டு எழுதலாம் என்றால் பலர் எழுதக் கூச்சப்பட்டார்கள். சத்துணவு சமைக்கும் அக்கா இரண்டு குண்டானும் ஒரு கை பூண்டும் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பல். கரும்பலகைக்குப் பின்னால் குண்டான்களை வைத்தோம்; சிவப்புத் துணி கட்டியது பாண்டியம்மாவுக்கு, பச்சைத் துணி செல்விக்கு.

எண்ணினேன். பாண்டியம்மா இருபது. செல்வி பத்தொன்பது. யாரோ ஒருவர் பல்லை இரண்டாகக் கிள்ளி ஆளுக்குப் பாதி போட்டிருந்தார். அதைத் தள்ளி வைத்தேன். மிச்சம் ஒரு பல் தரையில், பச்சைக் குண்டானுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை உள்ளே போட்டால் சமம். குலுக்கலில் செல்வியக்காவுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தலைமையாசிரியர் என் காதருகே, “ஒன் சோலிம்மா, யோசிச்சுச் சொல்லு” என்றார்.

வெளியே கிடப்பது செல்லாது என்று சொல்லிவிட்டேன். செல்வியக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“போங்க டீச்சர்! ஒங்களுக்காகத்தான நான் நின்னதே!”

முதல் கூட்டம்

தலைவர் நாற்காலியில் ஆண்டிச்சாமி அண்ணன் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். பாண்டியம்மா வாசலிலிருந்தே, “எந்திரிங்க. காட்டுல பூண்டு காயாமக் கெடக்கு, வெரசாப் போங்க” என்றார். அண்ணன் போய்விட்டார்.

முதல் தீர்மானமே நான்தான். அதை எழுத வேண்டியதும் நான்தான். தேதியைப் போட்டுவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வாரத்துக்குப் பிறகு பாண்டியம்மா என்னைப் பற்றிப் பேசினார்.

“எம் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியலன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னவுக இவுக. கோவந்தான், இல்லங்கல. ஆனா மத்தவுக எல்லாம் ‘நல்லாப் படிக்கா’ன்னு சொல்லிச் சொல்லியே அஞ்சாங் கிளாசு வரைக்கும் கொண்டாந்துட்டாக. அதனால இருக்கட்டும். வாய்ப்பாடு வார வரைக்கும் இருக்கட்டும். பெறகு பாப்போம்.”

சொன்னதை அப்படியே எழுதினேன்; ஒன்பது பேர் கையெழுத்தும் மூன்று பேர் கைநாட்டும் வைத்தார்கள்.

வேலைக்காக நான் ஏழாம் வாய்ப்பாட்டை மெதுவாகச் சொல்லித் தருகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அது தானாகவே மெதுவாகத்தான் வருகிறது.