பெரிய டயரில் சிக்கிய எலுமிச்சை

உயரம் ஏற்றிய என் பிக்கப்புக்கு இன்று மம்பாவ் ஊரில் ஒரு டயர் கடையில் பெரிய டயர் மாட்டினேன். செம்பனைத் தோட்டத்துச் சேறு அப்பாமலிருக்க, டயர் பள்ளங்களின் இடுக்கு அகலமானதாகப் பார்த்து எடுத்தேன்.

"என்னாங்க, இதுல விரலே நுழையுது?" என்றாள் மனைவி.

"அதான்லா வேணும். சேறு தானா உதுந்துரும்."

எலுமிச்சை கிடைக்கவில்லை. பக்கத்து ஒட்டுக்கடையில் லிமாவ் கஸ்தூரி என்கிற சின்னச் சின்ன எலுமிச்சை வகை வாங்கி, திருஷ்டி கழிய நான்கு டயருக்கும் அடியில் வைத்தாள். வண்டியை அதன்மேல் ஏற்றினேன். மூன்றுதான் நசுங்கின. நான்காவதைக் காணோம்.

புக்கிட் பெலண்டோக்கில் வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால், பின் டயர் இடுக்கில் கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

"திருஷ்டி கழிஞ்சிருச்சா, இல்ல நம்மகூடவே வந்துருச்சா?" என்கிறாள் மனைவி.

தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அதுவரை வண்டியைத் தொடக்கூடாதாம். காலையில் செம்பனைக் குலை ஏற்றப் போகணும்.