எஸ்தர் அக்கா நம்பாத செயலி

எஸ்தர் அக்கா காலமான செய்தி காலை ஏழு மணிக்கு அவர் எண்ணிலிருந்தே எங்கள் பட்டுக்கடையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் உடனே நம்பவில்லை. யாரோ அவர் போனை எடுத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அவர் மகளைக் கூப்பிட்டு, அந்தப் பெண் அழுத பிறகுதான் நம்பினேன். எதையும் லேசில் நம்பாத புத்தி எனக்கு. அக்காவுக்கும் அப்படித்தான். ஆனால் அவர் சந்தேகப்பட்டதைச் சோதித்துப் பார்ப்பார். நான் சந்தேகப்படுவதோடு சரி.

ஆரணியில் எங்கள் முதலாளிக்குச் சேலை டிசைன் வரைந்தவர்கள் நாங்கள் இருவர். பழைய முந்தானை, கோயில் தூண், கல்யாணப் பத்திரிகை என்று மாதிரிக்காக எடுத்த படங்கள் எங்கள் போன்களில் குவிந்து கிடந்தன. வேண்டிய நேரத்தில் வேண்டிய படம் அகப்படாது. ஒழுங்காக அடுக்கி வைக்க ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார் முதலாளி. நான் ஓர் இலவசச் செயலியைக் காட்டினேன். ஒரே போர்டில் எல்லாப் படங்களையும் ஒட்டலாம், நிறத்தைச் சொன்னால் தேடித் தரும்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சும்மா குடுக்கறான்னா அவனுக்கு இன்னா லாபம்? இத வேற யார்லாம் பாப்பாங்க?"

"நம்ம ரெண்டு பேருதான்க்கா" என்றேன். சரிபார்க்காமலேயே சொன்னேன்.

முதலாளிக்குச் செயலி பிடித்துவிட்டது. வரைந்து முடித்த டிசைன்களையும் அதிலேயே போட்டோம். அக்கா மட்டும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் சேமித்து, தினமும் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சில மாதங்களில், எங்கள் சேலை தறியை விட்டு இறங்கும் முன்பே அதன் நகல் சேவூர்ப் பக்கம் ஒரு விசைத்தறியில் ஓடியது. நான் முதலாளியிடம் போனேன். "அந்த ஹார்ட் டிஸ்க் தினமும் வீட்டுக்குப் போயிகினு இருக்குதுங்க" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பேச்சு அக்காவின் காதுக்கும் எட்டியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கிளி வரைந்தார். செயலியில் போட்ட கிளிக்கு வாலில் நான்கு இறகு, டிஸ்க்கில் வைத்ததற்கு ஐந்து. அடுத்த மாதம் அந்த விசைத்தறிச் சேலை ஒன்றை வாங்கி வந்து என் மேசையில் விரித்தார். நான்கு இறகு. பிறகு என் போனை வாங்கி, போர்டின் அமைப்பைத் திறந்து காட்டினார். 'எல்லோரும் பார்க்கலாம்' என்று இருந்தது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது.

"இத மொதல்ல மாத்து. முதலாளிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா உன்ன மாட்டிவுட்ட மாதிரி ஆவும்."

மாற்றினேன். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

அதே வாரம் முதலாளி அக்காவை நூல் பிரிக்கும் அறைக்கு மாற்றினார். நகல்களும் நின்றன. "பாத்தியா, ஆள மாத்தினதும் நின்னுபோச்சு" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். தலையாட்டினேன். அதன் பிறகு அக்கா கடைக்காக ஒரு கோடு கூட வரையவில்லை. எதிரில் பார்த்தால் "சொல்லிட்டியாமா?" என்பார். பின்னர் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டார்.

அடக்கத்தன்று சர்ச் வாசலில் முதலாளி என் பக்கம் குனிந்து, "நல்லா வரையற கைம்மா. புத்திதான் அப்பிடிப் போயிடுச்சு" என்றார். அங்கேயும் தலையாட்டினேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

எஸ்தர் அக்கா எதையும் விற்கவில்லை. திறந்து போட்டு வைத்தவள் நான். நாளை நினைவு ஆராதனையில் எல்லோருக்கும் கொடுக்க எழுதிய இந்தத் தாளின் முதல் பிரதியை முதலாளியின் கையில் நானே கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் காலம் போய்விட்டது, அக்கா. உங்கள் பெயரையாவது திருப்பிக் கொடுக்கிறேன். போய் வாருங்கள்.